வார்டிலிருந்து வீட்டுக்கு: மனநல சமூகப் பணியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயோடு வார்டில் சேர்பவர்களில் பலருக்கு, காதில் கேட்கும் குரலும் 'என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்' என்ற பயமும் சில வாரங்களில் மருந்துக்குத் தணிய ஆரம்பித்துவிடும். நம் வேலை கனப்பது அதற்குப் பிறகுதான். வீட்டுக்குப் போனவர் மாத்திரையைத் தொடர்கிறாரா, வீட்டார் அவரிடம் எப்படிப் பேசுகிறார்கள், காலையில் எழுந்தால் செய்ய ஏதாவது இருக்கிறதா, மாதாமாதம் மருந்து வாங்கி வரப் பஸ் காசு இருக்கிறதா? அவர் மறுபடி அதே வார்டுக்கு வருவாரா என்பது பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தே அமைகிறது.

சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ.வும் எம்.ஃபில்லும் முடித்து மனநலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார் படித்தாலும் பயன்படும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைச் சூழலைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் நான் நன்றாக அறிந்த உலகம் அது.

சேர்ந்த அன்றே தொடங்குங்கள்

டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிய பிறகு 'குடும்பத்துக்குக் கொஞ்சம் சொல்லி அனுப்புங்க' என்று நம்மைக் கூப்பிடுவது பல இடங்களில் வழக்கம். அதற்குள் காலம் கடந்திருக்கும். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, தன் 98ஆம் பிரிவில், வீட்டுக்கு அனுப்புமுன் நோயாளியோடும் அவர் யாருடன் இருக்கப்போகிறாரோ அவர்களோடும் கலந்து பேசி, அடுத்த கட்ட சிகிச்சைக்குத் திட்டம் போட வேண்டும் என்கிறது. அந்தப் பேச்சு ஒரே மதியத்தில் முடியாது.

முதல் நாள் குடும்பத்தோடு உட்காரும்போது யார் வந்திருக்கிறார்கள் என்பதோடு யார் வரவில்லை என்பதையும் பாருங்கள். அம்மாவும் மாமாவும் வந்திருப்பார்கள். அப்பா வந்திருக்க மாட்டார். அவர் வராததற்குக் காரணம் வேலையா, கோபமா, குடியா, வெட்கமா? அது தெரிந்தால் பாதி வீடு தெரிந்த மாதிரி. ஒரு தாளில் குடும்ப மரம் வரையுங்கள்: யார் யாரோடு பேசுவதில்லை, யார் கையில் பணம், யார் சொன்னால் இவர் கேட்பார். கடைசியாகச் சொன்ன அந்த ஆள் முக்கியம். பல வீடுகளில் அது அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்காது. ஒரு சித்தியாகவோ, பழைய கடை முதலாளியாகவோ இருக்கும்.

நோய் எப்போது தொடங்கியது என்று கேட்டால் 'போன மாசம்தான் மேடம்' என்பார்கள். அது வீட்டார் தாங்க முடியாமல் போன தேதி. 'கடைசியா எப்ப நல்லா இருந்தாரு? அப்ப என்ன வேலை பாத்தாரு, யாரோட பேசுனாரு?' என்று பின்னாலிருந்து கேட்டு வாருங்கள். தனியாகச் சிரித்தது, காலேஜுக்குப் போகாமல் திரும்பியது, குளிக்காமல் விட்டது என்று ஒன்றிரண்டு வருடம் பின்னால் போவீர்கள்.

எங்கெங்கே காட்டினீர்கள் என்று கேட்கும்போது முகத்தில் எதையும் காட்டாதீர்கள். குணசீலம் கோயில், ஏர்வாடி தர்கா, மந்திரித்த கயிறு, குறி கேட்டது என்று எல்லாம் வரும். விபூதியையோ தாயத்தையோ கழற்றச் சொல்ல நமக்கு எந்த அவசியமும் இல்லை. 'கும்பிடுறதை விட வேணாம்மா, மாத்திரையையும் விட வேணாம்' என்பது போதும். நாம் கறாராக நிற்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: கட்டிவைப்பது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று அதே மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு இன்று தடை போட்டிருக்கிறது. வீட்டில் கட்டிவைத்திருந்தோம் என்று யாராவது தயங்கிச் சொன்னால் திட்டாதீர்கள். எதற்குப் பயந்து கட்டினார்கள் என்று கேளுங்கள். கிணற்றில் விழுந்துவிடுவான் என்று பயந்திருப்பார்கள், அல்லது பக்கத்து வீட்டுக்காரரை அடித்துவிட்டிருப்பான். அந்தப் பயத்துக்கு வேறு பதில் கொடுத்தால்தான் சங்கிலி போகும்.

அவரிடம் தனியாகப் பேசுங்கள்

இதைத் தவிர்ப்பது மிகச் சுலபம், ஏனென்றால் குடும்பத்தார் நிறையப் பேசுவார்கள், நோயாளி குறைவாகப் பேசுவார். ஆனாலும் அவருக்கென்று நேரம் ஒதுக்குங்கள். பேய், போலீஸ், செல்போன் டவர் என்று அவர் சொல்வதை மறுத்து வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். 'அப்படி நடக்குதுன்னு நெனச்சா பயமாத்தானே இருக்கும் தம்பி. ராத்திரி தூங்க முடியுதா?' என்று கேட்டால் பேச்சு நகரும். பெரும்பாலும் அவருக்கு முதலில் வேண்டியது நல்ல தூக்கம், ஒரு டீ, வீட்டுக்கு ஒரு போன். அவற்றைச் செய்து கொடுங்கள். மற்றதெல்லாம் பிறகு தானாக வரும்.

அவர் விருப்பமில்லாமல் சேர்க்கப்பட்டிருந்தால் அவருடைய உரிமைகளை அவருக்குப் புரியும்படி சொல்வது நம் கடமை. 89ஆம் பிரிவின் கீழ் சேர்க்கை முதலில் 30 நாளுக்குத்தான். ஆட்சேபம் இருந்தால் மனநல சீராய்வு மன்றத்துக்கு எழுதலாம். தன் சார்பாக முடிவெடுக்க உதவும் நபரை அவரே வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். இதைச் சொன்னால் நோயாளி உடனே கிளம்பிவிடுவார் என்று வார்டில் சிலர் பயப்படுவார்கள். என் அனுபவத்தில், தனக்கும் இதில் ஒரு சொல் உண்டு என்று தெரிந்தவர்தான் மாத்திரையையும் கொஞ்சம் நம்பி வாங்குகிறார்.

நோயை விளக்குவது: ஒரே மூச்சில் சொல்லாதீர்கள்

மூளை, டோபமின், மரபு என்று மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டினால் வீட்டாருக்கு நினைவில் நிற்பது 'பரம்பரையாம்' என்ற ஒன்றுதான். மூன்று நான்கு தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். 'படிச்சுப் படிச்சு மூளை சூடாயிடுச்சு', 'யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க', 'லவ் ஃபெயிலியர்' என்று ஏதாவது சொல்வார்கள். தாய்மார்கள் பலர் வாய்விட்டுக் கேட்காமல் வைத்திருக்கும் கேள்வி: 'நான் வளத்த விதத்துலதான் வந்துச்சா?' அவர்கள் கேட்காவிட்டாலும் இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்ததாக, எல்லாவற்றையும்விட நேரம் எடுத்து விளக்க வேண்டியது ஒன்று உண்டு. குரலும் சந்தேகமும் அடங்கிய பிறகு ஆள் மந்தமாக இருப்பார். பத்து மணி வரை தூங்குவார், குளிக்கமாட்டார், கேட்டதற்கு ஒரே சொல்லில் பதில், டிவி பார்த்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. இதில் பெரும்பகுதி நோயே. கொஞ்சம் மருந்தாலும் இருக்கலாம். வீட்டார் இதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சத்தம் போட்டபோது பொறுத்துக்கொண்ட அம்மா, இப்போது பொறுமை இழக்கிறார். 'இவன் வயசுல எதிர்வீட்டுப் பையன் சிங்கப்பூர் போயிட்டான். இது எருமை மாதிரி தூங்குது.' ஒரு நாளில் இதே வாக்கியம் எத்தனை விதமாக அந்தப் பையன் காதில் விழுகிறது என்று யோசியுங்கள்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவரைத் தொடர்ந்தவர்களும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஓயாத குறை சொல்லல், வெறுப்பான பேச்சு, மூச்சுவிட இடம் கொடுக்காத அளவு கடந்த அக்கறை ஆகியவை இருந்த வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று கண்டார்கள். பிறகு சண்டிகரில் இதே ஆய்வைச் செய்தபோது, அப்படிப்பட்ட வீடுகள் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தன. நம் குடும்பங்களில் சகிப்பு நிறைய உண்டு என்பதை நானும் தினமும் பார்க்கிறேன். ஆனால் அந்தச் சகிப்பு தீரும் நாளும் வரும், பெரும்பாலும் பணம் தீரும் நாளோடு சேர்ந்து. இந்த ஆய்வை வீட்டாரைக் குற்றம் சொல்லப் பயன்படுத்தாதீர்கள். அவர்கள் களைத்துப்போயிருக்கிறார்கள். 'திட்டாதீங்க' என்பதற்குப் பதில் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். 'ஏண்டா இன்னும் குளிக்கல' என்பதற்குப் பதிலாக 'வெந்நீர் வெச்சிருக்கேன் சாமி, ஆறிடும்'. 'வெட்டியா உக்காந்திருக்க' என்பதற்குப் பதிலாக 'இந்தக் குடத்தை மட்டும் தூக்கி வெச்சுடு'. ஒரு நேரத்தில் ஒரே வேலை, செய்ததும் ஒரு நல்ல வார்த்தை. வார்டிலேயே உங்கள் முன்னால் அம்மாவைப் பேச வைத்துப் பார்த்துவிடுங்கள். முதலில் கூச்சப்படுவார். அப்புறம் வந்துவிடும்.

டிஸ்சார்ஜுக்கு முன் வீட்டைப் பாருங்கள்

ஆள் இல்லை, வண்டி இல்லை என்று முதலில் கைவிடப்படுவது இந்த வேலைதான். முடிந்த இடத்திலெல்லாம் போங்கள். மருத்துவமனைப் பெயர் எழுதிய ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். அடையாள அட்டையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டீக்கடையில் வழி கேட்டால் அப்பா பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 'யாரு வந்துட்டுப் போனாங்க?' என்று அக்கம்பக்கத்தார் கேட்டால் என்ன சொல்வது என்று வீட்டாரோடு முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நோய் பற்றிய தகவல் அவருக்குச் சொந்தமானது. அதை ரகசியமாகக் காக்கும் உரிமையை 23ஆம் பிரிவு தருகிறது.

உள்ளே போனதும் அவர் எங்கே படுக்கிறார் என்று கேளுங்கள். கூடத்திலா, மாட்டுக்கொட்டகைப் பக்கமா, பூட்டு வெளியிலிருந்து போடும் அறையிலா? அவருடைய தட்டு தனியாக இருக்கிறதா? மாத்திரையை எங்கே வைப்பார்கள், எழுத்துத் தெரிந்தவர் யார்? அப்புறம் தயங்காமல் கேட்க வேண்டியது: பூச்சிமருந்து, எலி மருந்து எங்கே இருக்கிறது? கோவை, திருப்பூர் பக்கம் என்றால் சாணிப் பவுடர் என்ற விஷப் பொடியையும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் சில வாரங்கள் தற்கொலை ஆபத்து அதிகமான காலம். அவற்றை வீட்டைவிட்டே அகற்றச் சொல்லுங்கள்; முடியாவிட்டால் பூட்டி, சாவியை ஒரு பெரியவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். மொத்த மாத்திரையையும் அவர் கையில் கொடுக்காமல் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைப்பதும் இதற்காகத்தான்.

அவரிடமும் நேராகக் கேளுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறு. 'இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுதா தம்பி?' என்று தொடங்கி, ஆமாம் என்றால் 'சாகணும்னு நெனப்பு வருதா? எப்படின்னு யோசிச்சீங்களா? அப்படிச் செய்யச் சொல்லி குரல் ஏதாவது சொல்லுதா?' வரை போக வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஆமாம் வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் தள்ளிப்போகட்டும்.

டிஸ்சார்ஜ் நாள்

அன்று எல்லோருக்கும் ஊருக்குப் போகும் அவசரம். அதனால் முக்கியமானதை முந்தைய நாளே முடித்துவிட்டு, அன்று ஒரே ஒரு தாளை மட்டும் கொடுங்கள். பெரிய எழுத்தில், தமிழில். காலை, இரவு என்று மாத்திரையின் பெயரும் எண்ணிக்கையும். மாத்திரை தீரும் தேதி. அடுத்து வர வேண்டிய நாள். மாவட்ட மனநலத் திட்டக் குழு அவர்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது என்பது. நூறு கிலோமீட்டர் பஸ் பிடித்து வரத் தேவையில்லாமல் அங்கேயே மருந்து கிடைத்தால், சிகிச்சை நிற்காமல் போக அது ஒன்றே பெரிய காரணம். அந்தக் குழுவுக்கு நீங்களே போன் செய்து 'இன்னார் வருவார்' என்று சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள், மழையில் நனைந்த சீட்டோடு வருபவர்கள் நிறைய.

தாளின் பின்பக்கம், நோய் திரும்பும்போது அவருக்கு முதலில் வரும் அறிகுறிகள். இது ஆளுக்கு ஆள் வேறு, புத்தகத்திலிருந்து எழுதாதீர்கள். ஒருவர் இரண்டு ராத்திரி தூங்கமாட்டார். ஒருவர் ஜன்னலைச் சாத்த ஆரம்பிப்பார். ஒரு பெண் நெற்றியில் பொட்டைப் பெரிதாக வைக்கத் தொடங்கினால் பத்து நாளில் வார்டுக்கு வருவார் என்று அவருடைய அக்கா சரியாகச் சொன்னார். அதைத்தான் எழுத வேண்டும். கீழே அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்கள்: உங்கள் பிரிவின் எண், 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய அரசு மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, அரசின் மருத்துவ உதவி எண் 104.

முதல் மூன்று மாதம்

வாரம் ஒரு போன். 'எப்படி இருக்கார்?' என்று கேட்டால் 'பரவால்ல மேடம்' என்பதோடு முடிந்துவிடும். 'நேத்து எத்தனை மணிக்குப் படுத்தார்? சாப்பாடு எல்லோரோடயும் சாப்பிட்டாரா? அட்டையில மிச்சம் எத்தனை மாத்திரை இருக்கு, எண்ணிச் சொல்லுங்க' என்று கேளுங்கள்.

மாத்திரையை நிறுத்துவதற்குப் பெரும்பாலும் ஒரு நியாயமான காரணம் இருக்கும். உடம்பு விறைப்பு, கை நடுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, ஏறிக்கொண்டே போகும் எடை, ஆண்களுக்கு உடலுறவில் குறை, பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவது. இவற்றில் பலவற்றை டாக்டர் அளவு குறைத்தோ மருந்து மாற்றியோ சரி செய்ய முடியும். ஆனால் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள். திருமணமான பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால் மாமியார் கர்ப்பம் என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுவதும் நடக்கும். நாமாகக் கேட்டால்தான் இவை வெளியே வரும். குளோசபின் என்ற மருந்தை எடுப்பவர் என்றால் ரத்தப் பரிசோதனை முதல் 18 வாரம் வாராவாரம் தவறக்கூடாது. காய்ச்சல், தொண்டைவலி வந்தால் அன்றே வரச் சொல்லுங்கள்.

காபியில், தோசைமாவில் மாத்திரையைக் கலந்து கொடுப்பது நம் ஊரில் பரவலாக நடக்கிறது. அன்பினால், வேறு வழி தெரியாமல் செய்வது அது. தெரியவரும் நாளில் அவர் வீட்டுச் சாப்பாட்டையே சந்தேகப்படுவார். ஏற்கெனவே 'எனக்கு விஷம் வைக்கிறார்கள்' என்று நினைத்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். அதட்டாமல் டாக்டர் முன்னால் கொண்டுவாருங்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது என்பதை நோயாளியிடமே எடுத்துச் சொன்னால், தினமும் மாத்திரைச் சண்டை போடுவதைவிட அது மேல் என்று பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

கல்யாணப் பேச்சு

ஆள் கொஞ்சம் தேறியதும் வரும். 'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடும்னு பெரியவங்க சொல்றாங்க.' இதைப் பற்றி நான் தெளிவான கருத்தோடு இருக்கிறேன். மனச்சிதைவு உள்ளவர் திருமணம் செய்யக்கூடாது என்பது தவறு. நன்றாகக் குடும்பம் நடத்துபவர்கள் உண்டு. நோய்க்கு வைத்தியமாகச் செய்யும் கல்யாணமும், மறைத்துச் செய்யும் கல்யாணமும்தான் கேடு. மறைத்தால் புது வீட்டில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் நிறுத்த வேண்டும். பெண்ணாக இருந்தால் நிறுத்தித்தான் அனுப்புகிறார்கள். தூக்கமில்லாத கல்யாண நாட்கள், மருந்தும் இல்லை; சில வாரங்களில் நோய் திரும்புகிறது, அவளைத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். முக்கியமான விஷயத்தை மறைத்து நடந்த திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோர இந்து திருமணச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. வீட்டாரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, முதலில் சம்பந்தப்பட்டவருக்குக் கல்யாணத்தில் விருப்பமா என்று கேளுங்கள். ஒரு வருடமாவது நோய் திரும்பாமல், ஏதாவது ஒரு வேலையில் நிலைத்திருக்கட்டும். பேச்சு வந்தால் வரப்போகிறவரிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும். அவர் கேள்வி கேட்க விரும்பினால், நோயாளியின் சம்மதத்தோடு, நீங்களும் டாக்டரும் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

வேலையும் சான்றிதழும்

பழைய வேலைக்கே உடனே அனுப்பாதீர்கள். அரைநாள் வேலை, அறிந்தவர் கடை, இரவு ஷிஃப்ட் இல்லாத இடம் என்று தொடங்குங்கள். மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தை 1984இல் சென்னையில் தொடங்கிய டாக்டர் சாரதா மேனன், மருந்தோடு மறுவாழ்வுக்கும் வேலைக்கும் ஏன் அவ்வளவு இடம் கொடுத்தார் என்பது, முதல் சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கும் ஒருவரைப் பார்த்தால் புரியும்.

நோய் நீடித்து வேலை செய்ய முடியாதவர்களுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கிக் கொடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. தன்னைப் பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்குக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண், நோய் இருந்த வருடங்களும் சேரும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. மருத்துவக் குழு முன்னால் குடும்பத்தார் கூச்சத்தில் 'எல்லாம் அவனே பண்ணிக்குவான்' என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் யார் நினைவுபடுத்தி, யார் தண்ணீர் ஊற்றிக் குளிக்கிறார் என்பதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள்.

வீடே இல்லாதவர்

தேறிய பிறகும் அழைத்துப்போக யாரும் வராதவர்கள் வார்டில் இருக்கிறார்கள், அதிலும் பெண்கள். குடும்பம் இல்லை, சேர்க்க மறுக்கிறது, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக்கூடாது என்று மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் முகவரியைத் தேடுங்கள். அவர் சொல்லும் கோயில் பெயர், ஆற்றின் பெயர், பேச்சு வழக்கு என்று எதையும் விடாதீர்கள். அந்த ஊர் காவல் நிலையமும் கிராம நிர்வாக அலுவலரும் பல தடவை உதவியிருக்கிறார்கள். குடும்பம் கிடைத்தாலும் அங்கே போக அவருக்கு விருப்பமா என்று கேட்காமல் அனுப்பாதீர்கள். 1993இல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு, குடும்பமற்ற பெண்கள் சிலர் சேர்ந்து சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில், தேவையான துணையோடு வாழலாம் என்று செய்து காட்டியிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அப்படி என்ன உண்டு என்ற பட்டியலை ஆள் வருவதற்கு முன்பே கையில் வைத்திருங்கள்.

நோயாளியின் கோப்பில் எழுதி வையுங்கள்

நாம் மாற்றலாகிப் போவோம். நோயாளி அங்கேயேதான் இருப்பார். வீட்டில் யார் சொன்னால் கேட்பார், எந்த மருந்துக்கு என்ன பக்கவிளைவு வந்தது, நோய் திரும்புமுன் முதலில் என்ன நடக்கும், எந்தக் கேள்வி கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார் என்பவற்றைப் புதிதாக வருபவருக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். 'ஒத்துழைக்கவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். எதற்கு மறுத்தார், என்ன காரணம் சொன்னார் என்று எழுதுங்கள். மாறிப்போகுமுன் புதியவரை ஒருமுறையாவது அந்த வீட்டுக்குக் கூட்டிப் போய், 'இனிமே இவங்கதான் போன் பண்ணுவாங்க' என்று அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.